பலமான அணியை எதிர்கொள்ளும் பள்ளி ஹாக்கி அணி: பந்தைப் பறித்த பின் வரும் ஐந்து நொடி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 17 வயதுக்குட்பட்ட பள்ளி ஹாக்கி அணி ஒன்றுக்கு நீங்கள் பயிற்சியாளர். இன்னும் 10 நாளில் அரையிறுதி ஆட்டம். எதிரில் வருவது, சென்ற ஆண்டு உங்கள் அணியை 7-0 என்று தோற்கடித்த அதே அணி. "11 பேரையும் பின்னால் இறக்கி, டி வட்டத்தை அடைத்து நின்றால் தப்பிக்கலாமா?" என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. (டி வட்டம் என்பது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டப் பகுதி; அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல்.) அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளைகள் தலைகுனிந்து திரும்பாமல் இருக்க என்ன செய்வது என்பது ஒன்று. உண்மையிலேயே வெல்ல வழி உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு அந்த உறுதி கிடையாது. எந்த இடத்தில் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பதை அங்கங்கே குறிப்பிட்டுக்கொண்டே போகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி தந்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை எதிரணியைவிட ஒரு படி கீழே நின்ற அணிகள். ஆகவே இங்கே எழுதுபவற்றில் வென்று கற்றதைவிடத் தோற்றுக் கற்றதே அதிகம்.

11 பேரையும் பின்னால் இறக்க வேண்டாம். இதை என் ரசனையை வைத்துச் சொல்லவில்லை. ஆட்ட விதிகளே அந்த யோசனைக்கு எதிராக இருக்கின்றன. ஹாக்கியில் ஆஃப்சைடு விதி 1990களிலேயே நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் ஃபார்வர்டு ஒருவர் எதிரணியின் டி வட்டத்துக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தாலும் குற்றமில்லை. அவர் அங்கே நிற்கும் வரை எதிரணி தன் டிஃபென்டர்களில் இருவரையாவது அவருக்காகப் பின்னால் விட்டுவைத்தாக வேண்டும். அவரையும் நீங்கள் இழுத்துக்கொண்டால் அந்த இருவரும் உங்கள் பாதிக்குள் வந்து தாக்குதலில் சேர்ந்துகொள்வார்கள். தடுப்புக்கு ஒரு ஆளைக் கூட்டப்போய் எதிரிக்கு இரண்டு ஆளைக் கூட்டிக் கொடுத்த கதையாகிவிடும். இன்னொன்று, டி வட்டத்துக்குள் டிஃபென்டரின் காலில் பந்து தற்செயலாகப் பட்டாலும் பெரும்பாலும் பெனால்டி கார்னர்தான், அதாவது கோல் இருக்கும் பின்கோட்டிலிருந்து எதிரணி தொடங்க, நாம் ஐந்தே பேராக நின்று தடுக்க வேண்டிய வாய்ப்பு. 14.63 மீட்டர் ஆரம் கொண்ட அந்த இடத்துக்குள் 10 பேரின் 20 கால்களும் நின்றால், எதிரணி கோலைக் குறிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. கால்களைக் குறிவைத்தால் போதும். தேர்ந்த அணிகள் அதைத்தான் செய்கின்றன. போதாக்குறைக்கு, அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்குப் பந்தே தெரியாது.

எத்தனை பேரைப் பின்னால் வைப்பது என்று யோசிப்பதற்கு முன், சென்ற ஆண்டின் அந்த ஏழு கோல்களும் எப்படி விழுந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு நினைவில்லாவிட்டால் ஆடிய பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை எங்கள் அணி 8-0 என்று தோற்ற மறுநாள் நான் இப்படி எழுதிப் பார்த்தேன். மூன்று கோல்கள் பெனால்டி கார்னரில் வந்தவை. நான்கு கோல்கள், நாங்கள் பறித்த பந்தை எங்கள் 23 மீட்டர் கோட்டுக்குள்ளேயே (பின்கோட்டிலிருந்து 23 மீட்டரில் போட்ட கோடு) மறுபடியும் அவர்கள் கையில் கொடுத்ததால் வந்தவை. அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்த கோல் ஒன்றே ஒன்று. முந்தைய நாள் வண்டியில் திரும்பும்போது எங்கள் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததோ அந்த ஒரு கோலைப் பற்றித்தான். உங்கள் கணக்கு இதே மாதிரி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இந்தக் கணக்கை எழுதி வருகிறவன் என்ற முறையில் என் முடிவு இது: பள்ளி அளவில், பலமான அணி தன் திறமையால் மட்டும் போடும் கோல்கள் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. பலம் குறைந்த அணி பந்தைப் பறித்த பின் வரும் ஐந்து நொடிகளில்தான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது. கீழே நான் சொல்பவை எல்லாம் அந்த ஐந்து நொடியை ஒழுங்கு செய்வதற்காகவே.

அணி எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எதிரணியின் டிஃபென்டர்கள் தங்கள் பாதியில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர்களைத் துரத்தப் போக வேண்டாம். மேலே நிற்கும் அந்த ஒரு ஃபார்வர்டைத் தவிர மற்ற எல்லோரும், நடுக்கோட்டிலிருந்து உங்கள் டி வட்டத்தின் விளிம்பு வரை உள்ள சுமார் 30 மீட்டருக்குள் சுருங்கி நிற்கட்டும். மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் உங்கள் ஒன்பது பேர் இருந்தால் நடுவழியாகப் பாஸ் கொடுப்பது யாருக்கும் கடினம். முன்வரிசையில் இருவர் நடுவை அடைத்து நின்றால் பந்து ஓரத்துக்குத்தான் போயாக வேண்டும். அது உங்கள் வலது ஓரமாக, அதாவது எதிரணியின் இடது ஓரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஹாக்கி மட்டைக்கு இடப்பக்கம் மட்டுமே தட்டையாக இருக்கும். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை விதிப்படி கிடையாது. அதனால் நம் டிஃபென்டர் தன் வலப்பக்கம் வரும் பந்தைத் தட்டைப் பக்கத்தால் நிதானமாகத் தடுக்க முடியும். இடப்பக்கம் வந்தால் மட்டையைத் திருப்ப வேண்டும். எதிரணியின் இடது ஓரத்தில் ஓடி வருபவரின் நிலைமை இதற்கு நேர் எதிர்: பந்தை டி வட்டத்துக்குள் அடிக்க வேண்டுமென்றால் அவர் பந்தைச் சுற்றிக் காலை எடுத்து வைத்து உடம்பைத் திருப்ப வேண்டும், அல்லது மட்டையைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸில் அடிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளில் ரிவர்ஸ் ஹிட் கச்சிதமாக வருகிறவர்கள் குறைவு. அவர்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தோடு வருபவரைக் கண்டதும் மட்டையை வீசிக்கொண்டு பாய்வது பிள்ளைகளின் இயல்பு. பாய்ந்தவர் ஏமாந்துவிட்டால் அந்த நொடியில் உங்கள் அணி ஒரு ஆள் குறைந்த அணி. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, பின்வாங்கிக்கொண்டே மட்டையைத் தரையோடு வைத்து, இடக்கையால் ஒரு குத்து குத்திவிட்டு உடனே பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான். அந்தக் குத்தில் பந்து கிடைக்காமல் போகலாம். எதிராளி தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கத் தொடங்குவார், தலை குனிந்தவருக்குப் பாஸ் தெரியாது. இப்படி இரண்டு நொடி தாமதப்படுத்தினால் நம் இரண்டாவது ஆள் வந்து சேர்ந்துவிடுவார். பறிப்பது அந்த இரண்டாவது ஆளின் வேலை.

இனி அந்த ஐந்து நொடி. உங்கள் டிஃபென்டர் பந்தைப் பறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மூச்சு வாங்குகிறது. எதிரணியினர் மூவர் அவரை நோக்கி வருகிறார்கள். வெளியிலிருந்து பத்துப் பேர் "அடி, அடி" என்று கத்துகிறார்கள். நானும் கத்தியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை தலையை நிமிர்த்தாமல் நேர் எதிரே ஓங்கி அடிக்கிறது. அந்தப் பந்து போய்ச் சேரும் இடத்தில் எதிரணியின் சென்டர் ஹாஃப், அதாவது நடுக்களத்தின் மையத்தில் ஆடுபவர், ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார், ஏனென்றால் பலமான அணியின் சென்டர் ஹாஃபுக்கு அதுதான் வேலை. நம் பிள்ளைகளோ பந்து நம்முடையதாகிவிட்டது என்று நினைத்து விரிந்து ஓடத் தொடங்கியிருப்பார்கள். சுருங்கி நின்ற அணி விரிந்த அந்தக் கணத்தில் பந்து திரும்பி வருகிறது. அடுத்த பாஸில் கோல்.

இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும்: நம் 23 மீட்டர் பகுதிக்குள் பறித்த பந்து நடுவே போகக் கூடாது, பக்கவாட்டுக் கோட்டை நோக்கித்தான் போக வேண்டும். அங்கே நம் ஆள் இருந்தால் அவருக்குப் பாஸ். இல்லாவிட்டால் வெளியே போகட்டும். பந்தை வெளியே தள்ளுவதை அவமானமாக நினைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. பந்து வெளியே போனால் அதை எடுத்து வைத்து எதிரணி தொடங்குவதற்குள் நம் பத்துப் பேரும் இடத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் இது பக்கவாட்டுக் கோட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பின்கோட்டுக்கு வெளியே டிஃபென்டர் வேண்டுமென்றே பந்தைத் தள்ளினால் பெனால்டி கார்னர். தெரியாமல் பட்டுப் போனால் எதிரணி 23 மீட்டர் கோட்டிலிருந்து மீண்டும் தொடங்கும். இந்த வேறுபாட்டை உங்கள் அணியில் ஒவ்வொருவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் இதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் வாயால் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் ஏறாது. 23 மீட்டர் பகுதிக்குள் நான்கு டிஃபென்டர்களையும் ஐந்து ஃபார்வர்டுகளையும் விடுங்கள். 23 மீட்டர் கோட்டின் மேல், இரண்டு பக்கவாட்டுக் கோடுகளையும் ஒட்டிக் கூம்புகள் வைத்து 5 மீட்டர் அகலத்தில் இரண்டு வாசல்கள் அமையுங்கள். டிஃபென்டர்கள் பந்தைப் பறித்ததும் நீங்கள் வெளியே நின்று ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்க வேண்டும். ஐந்துக்குள் பந்து ஏதாவது ஒரு வாசல் வழியே வெளியேறினால் அவர்களுக்கு ஒரு புள்ளி. நடுவே அடித்துவிட்டால் ஃபார்வர்டுகளுக்கு இரண்டு புள்ளி. தினமும் 12 நிமிடம் போதும். முதல் நாள் எல்லோரும் எரிச்சல்படுவார்கள், ஐந்து என்பது மிகக் குறைவு என்று சண்டை போடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, பந்தைப் பறிப்பதற்கு முன்பே ஓரத்து ஹாஃப் வாசலை நோக்கி நாலடி நகர்வதைப் பார்ப்பீர்கள். அந்த நாலடி கிடைத்துவிட்டால் நடுவே அடிக்கும் பழக்கம் தானாகக் குறையும். மேலே விட்டுவைத்த ஃபார்வர்டுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள்: பந்து வலது ஓரத்தில் பறிபட்டால் அவரும் வலது ஓரத்துக்கு வர வேண்டும். நடுவில் நின்று மட்டையால் தரையைத் தட்டிப் பந்து கேட்டால், பறித்தவர் ஆசைப்பட்டு நடுவே அடித்துவிடுவார்.

ஃப்ரீ ஹிட் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். 2009 முதல், ஃப்ரீ ஹிட் எடுப்பவர் பந்தைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம். பலமான அணிகள் விசில் ஒலித்த அடுத்த நொடியே ஓடத் தொடங்கிவிடும். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் நடுவரைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். விசில் கேட்டதும் அருகில் இருப்பவர் பந்தைப் பார்த்தபடியே 5 மீட்டர் பின்னால் ஓட வேண்டும். நடுவரிடம் பேசுவதென்றால் கேப்டன் மட்டும் பேசட்டும். வாக்குவாதத்தால் வரும் பச்சை அட்டை இரண்டு நிமிடம், மஞ்சள் அட்டை குறைந்தது ஐந்து நிமிடம் உங்களைப் பத்துப் பேராக்கிவிடும். சம பலமுள்ள அணியோடு ஆடும்போது அதைத் தாங்கிக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் தாங்க முடியாது.

எவ்வளவு கவனமாக ஆடினாலும் சில பெனால்டி கார்னர்கள் வரத்தான் செய்யும். உங்களிடம் இருக்கும் 10 நாளில் அதிகப் பலன் தரக்கூடிய பயிற்சி இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே ஐந்து பேருடைய வேலையும் முன்கூட்டியே எழுதி வைக்கக்கூடியது. கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து எதிரணி பந்தைத் தள்ளிவிடும். பந்து வட்டத்துக்கு வெளியே போன பிறகே கோலுக்கு அடிக்க முடியும். முதல் அடி மட்டையை வீசி அடிக்கும் ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது அது கோலின் பின்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மட்டையால் பந்தைத் தூக்கி எறியும் ஃபிளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே அவர்களிடம் பந்தை இழுத்து வேகமாகத் தூக்கி எறியும் டிராக் ஃபிளிக் அடிப்பவர் இருக்கிறாரா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் கோல்கீப்பர் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துத் தாழ்வான பந்தைத் தடுக்கலாம். இருக்கிறார் என்றால் படுக்கக் கூடாது, கடைசி வரை காலில் நிற்க வேண்டும்.

அடிப்பவரை நோக்கி முதலில் ஓடிப் போகும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தோடு நிதானத்தையும் பாருங்கள். அவருடைய உடம்பு அடியின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. கோட்டுக்குச் சற்று விலகி ஓட வேண்டும், மட்டை மட்டும் கோட்டில் தரையோடு இருக்க வேண்டும். இது பாதுகாப்புக்கும் உதவும், விதிக்கும் பொருந்தும்: மட்டையால் பந்தை ஆட முயலாமல் அடிக்கு நேரே ஓடிப் போய் விழுந்தால் அது டிஃபென்டரின் ஆபத்தான ஆட்டமாகவே கருதப்படும். பள்ளி அளவில் பந்தைத் தள்ளுவதிலோ அதை வட்டத்தின் மேல் நிறுத்துவதிலோ பிசகு நேர்வது சாதாரணம். வேகமாகக் கிளம்பும் ஒருவர் இருந்தால் அந்தப் பிசகே உங்களுக்குப் போதும். அடுத்தவர் வட்டத்தின் இன்னொரு பக்கம் தட்டிவிடப்படும் பந்துக்காகப் போக வேண்டும். ஒருவர் கம்பத்தில் நிற்க வேண்டும். இன்னொருவர் கோல்கீப்பர் தட்டிவிடும் பந்தை எடுத்து வெளியேற்ற வேண்டும். எங்கே வெளியேற்றுவது என்ற கேள்விக்குப் பழைய பதிலே: ஓரத்துக்கு. இதில் பேரம் பேச முடியாத ஒன்று இருக்கிறது. முகக் கவசம், கையுறை, முழங்கால் காப்பு, பல் காப்பு இவை இல்லாமல் ஒரு பிள்ளையையும் முதல் ஆளாக ஓட விடாதீர்கள், பயிற்சியிலும்கூட. கவசம் இல்லையென்றால் ஓடாமல் உள்ளேயே நின்று தடுக்கட்டும். ஒரு கோல் கூடுதலாக விழுந்தாலும் விழட்டும். பந்தின் எடை 156 கிராமுக்குக் குறையாது. பல்லில் பட்டால் என்ன ஆகும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கோல்கீப்பரிடம் நீங்கள் கேட்க வேண்டியது குரல். மைதானம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். எங்கள் அணியில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தடுப்பதில் கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். "கத்து, கத்து" என்று நான் சொன்னபோதெல்லாம் இன்னும் சுருங்கிப்போனாள். ஒருநாள் பயிற்சி முடிந்து காலில் கட்டிய பேடைக் கழற்றிக்கொண்டே, "சார், என்ன கத்தணும்னு தெரியலையே" என்றாள். அதுவரை அது எனக்கு உறைக்கவில்லை. மூன்றே சொற்கள் போதும் என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம்: எதிராளி ஒருவர், நம் ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றால் அவர் நிற்கும் பக்கத்தைச் சொல்லி "வலது" அல்லது "இடது", பந்தைப் பறித்த நொடியில் "ஓரம்". அடுத்த ஆட்டத்தில் அந்த மூன்று சொற்களும் நடுக்கோடு வரை கேட்டன. உங்கள் கோல்கீப்பருக்கும் சொற்களைக் கொடுங்கள். முடிந்தால் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு கோல் விழுந்த பின் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். பெரிய தோல்விகளில் கோல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து விழும். முதல் கோலுக்குப் பின் பதற்றத்தில் எல்லோரும் முன்னால் ஓடுவதுதான் காரணம். நடுக்கோட்டிலிருந்து மீண்டும் தொடங்கும்போது பந்தைப் பின்னால் கொடுத்து, டிஃபென்டர்களுக்குள் நாலைந்து பாஸ் தட்டி, எல்லோரும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டார்களா என்று பார்த்த பிறகே முன்னே போக வேண்டும். இலக்கையும் கோல் கணக்கில் வைக்காதீர்கள். முதல் கால் பகுதியில் பெனால்டி கார்னர் ஒன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது, நடுவே ஒரு முறைகூட அடிக்கக் கூடாது என்பதுபோல் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்காக இருக்கட்டும்.

வெல்ல முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு உதாரணங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணி முதல் மூன்று ஆட்டங்களில் நெதர்லாந்திடம் 5-1, ஜெர்மனியிடம் 2-0, கிரேட் பிரிட்டனிடம் 4-1 என்று தோற்றது. அதே அணி, குழு ஆட்டங்கள் அனைத்தையும் வென்று வந்திருந்த ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 1-0 என்று வென்றது. 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் கவுர் பெனால்டி கார்னரில் அடித்த அந்த ஒரு கோலை, சவிதா கோல் வாசலில் நிற்க, மீதி நேரம் முழுவதும் காப்பாற்றினார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். 2018 உலகக் கோப்பையில், தரவரிசையில் 16ஆவது இடத்தில் இருந்த அயர்லாந்துப் பெண்கள் அணி, காலிறுதியையும் அரையிறுதியையும் ஷூட்அவுட்டில் (சமநிலையில் முடிந்தால் கோல்கீப்பரோடு ஒருவர் ஒருவராக மோதும் முறை) வென்று எல்லோரையும் வியக்கவைத்து இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே நெதர்லாந்து அதை 6-0 என்று தோற்கடித்தது. இரு அணிகளின் பலத்துக்கு இடையே உள்ள இடைவெளி ஓரளவுக்கே இருக்கும்போது, ஒழுங்கான தடுப்பு ஆட்டத்தைக் கடைசி வரை இழுத்துச் செல்லும். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அதுவும் போதாது. உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி இதில் எது என்பதைப் பிள்ளைகளைப் பார்க்காமல் இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. 7-0 என்ற எண் மட்டும் அதைக் காட்டாது; அந்த ஏழு கோல்களின் கணக்கு ஓரளவு காட்டும்.

இனி எனக்கே தீர்மானமான கருத்து இல்லாதவை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை ஒருவர் ஆட்டம் முழுவதும் நிழல்போல் பின்தொடர்வது சில முறை எங்களுக்கு நன்றாகப் பலித்தது. ஒருமுறை அவர் வேண்டுமென்றே ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டு எங்கள் ஆளையும் இழுத்துக்கொண்டார், நடுவில் திறந்த இடத்தில் மற்றவர்கள் புகுந்துவிட்டார்கள். பொறுமையான, கோபம் வராத பிள்ளை ஒருவர் இருந்தால் மட்டும் செய்து பாருங்கள். உங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதும் அப்படித்தான், இரண்டையும் செய்திருக்கிறேன். இப்போது என் சாய்வு அவரை நடுவில், டிஃபென்டர்களுக்குச் சற்று முன்னால் வைப்பது, ஏனென்றால் அந்த ஐந்து நொடியில் பதறாமல் இருக்கக்கூடியவர் பெரும்பாலும் அவர்தான். ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் மட்டும் மேலேறி நெருக்கி எதிரணியைத் திடுக்கிட வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கவர்ச்சியான யோசனை, ஆனால் இரண்டு விதமான ஆட்டத்தை 10 நாளில் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. டிராவுக்கு ஆடி ஷூட்அவுட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், சமநிலையில் முடிந்தால் என்ன முறை என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சர்வதேச முறையில் 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். பள்ளிப் போட்டிகளில், கோலுக்கு நேரே வைத்த பந்தைக் கோல்கீப்பரை எதிர்த்து ஒரே அடியில் அனுப்பும் பெனால்டி ஸ்ட்ரோக் வைப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

10 நாளில் உடல் வலிமையை உயர்த்த முடியாது என்பது உறுதி. கடைசி இரண்டு நாள் கடுமையாக ஓடவிட்டால் களைப்புதான் மிஞ்சும். முதல் ஏழு நாள் வாசல் பயிற்சி, பெனால்டி கார்னர் தடுப்பு, 30 மீட்டருக்குள் சுருங்கி நிற்பது ஆகிய மூன்றையும் தவிர வேறெதுவும் புதிதாகச் சொல்லித்தராதீர்கள். ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், பெனால்டி கார்னர் நடக்கும் நேரம் தவிர; முன்வரிசையில் ஓடுபவர்களை ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் திறமையில் சற்றுக் குறைந்தவர்களாக இருந்தாலும், களைத்த நல்ல ஆட்டக்காரரைவிடக் களைக்காத சுமாரான ஆட்டக்காரர் இந்த வேலைக்கு மேல். 4-0 ஆகிவிட்டால், ஆடாத பிள்ளைகள் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். ஆனால் வடிவத்தை மாற்றாதீர்கள், அந்த ஓரம் என்ற கட்டுப்பாட்டையும் தளர்த்தாதீர்கள்.

கடைசியாக, டாஸ் வென்றால் எதைக் கேட்பது என்று உங்கள் கேப்டன் விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். முதல் பாதியில் எந்தப் பக்கம் தாக்குவது என்பதையோ, தொடக்கப் பந்தையோ தேர்ந்தெடுக்கலாம். உங்கள் அணிக்குத் தொடக்கப் பந்தால் பெரிய லாபம் இல்லை. பக்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டம் மாலையில் என்றால், வெயில் இன்னும் உயரத்தில் இருக்கும் முதல் பாதியிலேயே உங்கள் கோல்கீப்பர் மேற்கைப் பார்த்து நின்றுவிடட்டும். சூரியன் தாழ்ந்து கண்ணில் நேராக அடிக்கும் இரண்டாம் பாதியில் அது அவருக்கு முதுகுப்பக்கம் இருக்கும். காலை ஆட்டமாக இருந்தால் இதைத் தலைகீழாகப் போடுங்கள்: சூரியன் தாழ்வாக இருக்கும் முதல் பாதியில் கிழக்குக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். முந்தின நாள் அதே நேரத்துக்குக் கோல்கீப்பரோடு அந்த மைதானத்துக்குப் போய், இரண்டு கோல்களிலும் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.